விளையாட்டுப் பெட்டியும் வீட்டுத் தியேட்டரும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, ஆனால் வேலைவாய்ப்பு பற்றி மட்டும் பேசாதே. அதற்கு ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்கள்" என்றார். சரி, நான் வீடியோ கேம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

கேம் கன்சோல் என்று சொல்லப்படும் விளையாட்டுப் பெட்டியை, சினிமா பார்க்கிற கருவியாக எப்படிச் சீர்படுத்துவது என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்கச் சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தக் கல்லூரியில் நாம் படித்த பாடங்களில் முக்கால்வாசி இதற்குள் இருக்கிறது. காசு விஷயமும் இருக்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

விளையாட வந்தது, படம் காட்டியது

என் வயதுக்காரர்களுக்கு வீடியோ கேம் என்றாலே கார்ட்ரிட்ஜ் செருகும் பெட்டிதான். ஜப்பானில் 1983-ல் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள் 90-களில் நம் கடைவீதிகளில் கிடைத்தன. ஆன்டெனா செருகும் துளையில் வயரைச் செருகி, சானலைத் திருகித் திருகித் தேடுவோம். அதில் சினிமாவுக்கு வழியே இல்லை.

1994 டிசம்பரில் ஜப்பானில் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் வந்தது. அது சி.டி.யில் ஓடுகிற பெட்டி; ஆகவே பாட்டு சி.டி.யும் போடலாம். அதன் ஆரம்ப மாடல்களில் பின்பக்கமே சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தன. பல வருஷம் கழித்து, விளையாடுவதற்காக அல்ல, சங்கீதம் கேட்பதற்காகவே அந்த மாடல்களைத் தேடித் தேடி வாங்கினார்கள் சிலர்.

2000 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அதில் டி.வி.டி. ஓடும். ஜப்பானில் அந்தச் சமயம் தனி டி.வி.டி. பிளேயரின் விலையைப் பார்த்தவர்கள், இதை வாங்கினால் விளையாட்டும் ஆச்சு, சினிமாவும் ஆச்சு என்று வாங்கினார்கள். உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. 2001-ல் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸிலும் டி.வி.டி. டிரைவ் இருந்தது. ஆனால் படம் பார்க்க வேண்டுமென்றால் ரிமோட் அடங்கிய இன்னொரு சாதனத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் செருக வேண்டும். வண்டி வாங்கினவனிடம் சாவிக்குத் தனிக் காசு கேட்ட மாதிரி!

2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-ல் புளூ-ரே டிரைவ் இருந்தது. இந்தியாவுக்கு 2007-ல் வந்தபோது விலை 39,990 ரூபாய். அதே சமயம் எச்.டி. டி.வி.டி. என்று ஒரு போட்டி வட்டு இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அதற்கென்று வெளியே மாட்டுகிற டிரைவ் கூட விற்றார்கள். 2008 பிப்ரவரியில் தோஷிபா கையை விரித்துவிட, அந்த வட்டின் கதை முடிந்தது. புளூ-ரே ஜெயித்ததற்கு, லட்சக்கணக்கான வீடுகளில் விளையாட்டுப் பெட்டியின் வடிவத்தில் அது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டதும் ஒரு காரணம்.

வாங்கிய பிறகு வளர்ந்த பெட்டி

பிளேஸ்டேஷன் 3-ன் விசேஷம் என்னவென்றால், வாங்கிய பிறகும் அது வளர்ந்தது. 2008 ஏப்ரலில் வந்த மென்பொருள் மாற்றத்தால், அதுவரை அதற்குப் புரியாத டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்ற உயர்தர ஒலியைப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டது. 2010 செப்டம்பரில் இன்னொரு மாற்றத்தால் முப்பரிமாண புளூ-ரே ஓட்டக் கற்றுக்கொண்டது. ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றவில்லை. பைசா செலவில்லை. உள்ளே இருந்த பிராசசருக்குத் தெம்பு மிச்சமிருந்தது. அதற்கு வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. ஆரம்ப மாடல்களில் லினக்ஸ் ஏற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடம் சுமார் 1,700 பிளேஸ்டேஷன் 3-களை ஒன்றாகக் கோத்து 2010-ல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே செய்தது. அதே வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி வந்த மென்பொருள் மாற்றம் அந்த வசதியை எடுத்துவிட்டது. மாற்றத்தை ஏற்காவிட்டால் இணைய விளையாட்டு கிடையாது. அமெரிக்காவில் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு பல வருஷம் இழுத்துக் கடைசியில் நஷ்ட ஈட்டில் முடிந்தது. 'அப்கிரேடு' என்ற வார்த்தை ஏறுமுகமாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என்ன வருகிறது, என்ன போகிறது என்று படித்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள்.

மருங்காபுரி வீடு

இனி விஷயத்துக்கு வருகிறேன். மணப்பாறை பக்கம் மருங்காபுரி. பழைய ஜமீன் ஊர். அங்கே என் பெரியப்பா வீடு. பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அண்ணன் சிங்கப்பூரில் வேலை. 2009-ல் அங்கே வாங்கிய பிளேஸ்டேஷன் 3, மெலிந்த மாடல், ஒரு விடுமுறையில் திருச்சி ஏர்போர்ட் வழியாக வந்து இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. குழந்தைகள் விளையாடியது போக, பெரியப்பா அதில் பழைய படங்களின் டிஸ்க் போட்டுப் பார்ப்பார்.

2023-ல் அண்ணனிடமிருந்து போன். "அப்பா இப்பல்லாம் படம் பார்க்கவே உட்கார மாட்டேங்கிறாராம்டா. சாப்பிட்டதும் திண்ணைக்குப் போயிடுறாராம். பெட்டி பழசாயிடுச்சு போல. புதுசா பெரிய டி.வி., பிளேஸ்டேஷன் 5, ஹோம் தியேட்டர் எல்லாம் சேர்த்து ஒரு கடையில் ஒன்றரை லட்சம் சொல்றாங்க. தவணையில எடுத்துடலாம்னு இருக்கேன். நீ ஒருதரம் போய் பார்த்துட்டுச் சொல்லு."

போனேன். பெரியப்பாவிடம் என்ன தொந்தரவு என்று கேட்டேன். அவர் சொன்னது: "தம்பி, சத்தம் கேக்குது. பேச்சுதான் கேக்கலை."

மாணவர்கள் இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைவிடத் துல்லியமான குறை அறிக்கையை எந்த இன்ஜினீயரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. சத்தத்தின் அளவில் பிரச்சினை இல்லை, தெளிவில் பிரச்சினை. படத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவே இல்லை. ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதியோ படத்துக்குப் போகிறது!

ஒரு காகிதத்தை எடுத்து, டிஸ்க்கில் ஆரம்பித்து ஆள் வரை வரிசையாக எழுதினேன். டிஸ்க், பெட்டி, வயர், டி.வி., ஸ்பீக்கர், அறை, கண்ணும் காதும். வாய்க்கால் மாதிரிதான். மேலே எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும், நடுவில் ஒரு மடை அடைத்திருந்தால் வயலுக்கு அந்த மடை விடுகிற அளவுதான் வரும். எந்த மடை அடைத்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை.

முதல் மடை: மஞ்சள் வயர்

டி.வி.யின் பின்பக்கம் கையை விட்டால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் தட்டுப்பட்டது. நம் ஊரில் இது எல்லா வீட்டுக் கதை. 2006-லிருந்து தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டி.வி.க்கு அந்த வயர்தான் வழி. அந்த டி.வி. போய் 43 அங்குல டி.வி. வந்தது. பெட்டியோடு வந்த வயர் மட்டும் இடம் மாறி அப்படியே ஒட்டிக்கொண்டது.

மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் குழைந்து ஒரே கம்பியில் போகின்றன. நம் பால் முறைப்படி பார்த்தால் 720-க்கு 576, அதாவது சுமார் நாலு லட்சம் புள்ளி. எச்.டி.எம்.ஐ. வயரில் 1920-க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல். உள்ளே புளூ-ரே ஓடுகிறது, வெளியே அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. முந்நூறு ரூபாய் எச்.டி.எம்.ஐ. வயர் இதைச் சரி செய்தது. ஆறடி நீளத்துக்குத் தங்கமுலாம் பூசிய ஆயிரக்கணக்கான ரூபாய் வயர் தேவையில்லை. டிஜிட்டல் சிக்னல் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால் விலையுயர்ந்த வயர் அதற்கு மேல் எதையும் சேர்க்காது.

வயரை மாற்றியதும் திரை கறுப்பாக நின்றால் பயப்படாதீர்கள். பெட்டியை அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' சத்தம் வரும்வரை அழுத்திப் பிடித்தால் வீடியோ வெளியீட்டை அது புதிதாகத் தேடிக்கொள்ளும்.

பிறகு செட்டிங்ஸ். மூன்றே மூன்று. ஒன்று, சினிமா விநாடிக்கு 24 படம். புளூ-ரேயை 24 ஹெர்ட்ஸில் அனுப்பச் சொன்னால் காமிரா நகரும்போது வருகிற திக்கல் நிற்கும். இரண்டு, கறுப்பின் அளவு. வீடியோவில் கறுப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும். கம்ப்யூட்டர் கணக்கில் 0-விலிருந்து 255 வரை. பெட்டி ஒரு கணக்கிலும் டி.வி. இன்னொரு கணக்கிலும் இருந்தால், கறுப்புக் கோட்டு சாம்பல் கோட்டாகிவிடும், இல்லையென்றால் இருட்டுக் காட்சியில் ஆளே தெரியாது. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று, டி.வி.யில் அசைவை வழவழப்பாக்கும் வசதி. அது இருந்தால் எந்தப் படமும் சாயங்கால சீரியல் மாதிரி தெரியும். அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும்போது 'கேம் மோட்', படத்துக்கு 'சினிமா மோட்'. இந்த மூன்றுக்கும் செலவு பூஜ்யம்.

4கே டி.வி. வேண்டாமா என்று அண்ணன் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 43 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அதில் 1,920 புள்ளி என்றால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்கில் ஐந்தரை அடிக்கு அப்பால் போய்விட்டால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகிவிடும். பெரியப்பா உட்காருவது பன்னிரண்டு அடியில். 4கே கொண்டுவரும் நுணுக்கத்தை அங்கிருந்து பார்க்கக் கழுகுதான் வர வேண்டும்.

இரண்டாவது மடை: ஓரத்து நாற்காலி

இப்போது பேச்சுக்கு வருவோம். தமிழில் 1996-ல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது முதல், தியேட்டர் வாசலில் அந்த மூன்றெழுத்தே ஒரு நட்சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. நமக்கு நினைவிருப்பது பின்னாலிருந்து வந்த ஹெலிகாப்டர் சத்தம். ஆனால் 5.1 ஒலிப்பதிவில் அதிகம் உழைக்கிறவர் நடு ஸ்பீக்கர்தான். வசனம் பெரும்பாலும் அதில்தான் வைக்கப்படும்.

நடு ஸ்பீக்கர் இல்லாத டி.வி.யில் அந்த வசனத்தை இடது, வலது இரண்டிலும் சரிபாதி கலந்து கொடுக்கிறார்கள். சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான் அது திரையிலிருந்து வருவதாகத் தோன்றும். பெரியப்பாவின் ஈஸிசேர் திண்ணைக் கதவோரம். அவருக்கு எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து, வயலினும் வெடிச்சத்தமும் கலந்த குழம்பாக வந்தது. போதாததற்கு மெலிந்த டி.வி.யின் ஸ்பீக்கர்கள் கீழே தரையைப் பார்த்துப் பேசுகின்றன.

வயதாகும்போது காதில் முதலில் குறைவது மேல் ஸ்தாயி. க, ச, ட, த, ப என்று வல்லின எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். உயிரெழுத்துகளின் பலம் கீழே. அதனால்தான் 'சத்தம் கேக்குது, பேச்சு கேக்கலை.' வால்யூமைக் கூட்டினால் குழம்புதான் பொங்கும். இப்படிப்பட்டவர்களை முதலில் ஒரு காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெரியப்பாவையும் காட்டினோம்.

வாங்கியது ஒரே ஒரு பொருள்: நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள ஒரு சவுண்ட்பார், பழையதுதான். அதை டி.வி. வழியாக இணைக்காமல், பெட்டியின் ஆப்டிகல் துளையிலிருந்து நேராக இணைத்தேன். ஏன் என்றால், எச்.டி.எம்.ஐ.யில் வந்த 5.1 ஒலியைப் பல டி.வி.க்கள் இரண்டாகச் சுருக்கித்தான் வெளியே விடும். சுருக்கிவிட்டால் நடு ஸ்பீக்கர் வாங்கி என்ன பிரயோஜனம்? ஆப்டிகல் வயரில் இன்னொரு நன்மை, அதில் செம்பு இல்லை, வெளிச்சம்தான் போகிறது. கேபிள் டி.வி. வயர் வழியாக வருகிற 'உம்ம்ம்' இரைச்சல் அதன் வழியே சவுண்ட்பாருக்கு ஏறாது.

பிறகு நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் நாலு படி ஏற்றினேன். 'நைட் மோட்' போட்டேன். அது உரத்த சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்கும். சண்டைக் காட்சி வந்தால் ரிமோட்டுக்கு ஓடுகிற வேலை பெரியம்மாவுக்கு மிச்சம்.

மூன்றாவது மடை: அறை

இதைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். ஏனென்றால் இதில் விற்க ஒன்றுமில்லை.

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வகுப்பறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. எதிரொலி. சரி செய்யும் பொறுப்பு வாலஸ் செபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் ராத்திரியில், பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அறையில் வைப்பார். ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விட வேண்டும். அந்த மெத்தைகளிலிருந்து பிறந்த சூத்திரம்தான் நாம் இரண்டு மார்க்குக்கு எழுதியது: எதிரொலி நேரம் என்பது அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வருவது.

பெரியப்பா வீட்டு ஹால் 15-க்கு 12 அடி, உயரம் 10 அடி. சுமார் 51 கன மீட்டர். மொசைக் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. மொத்தப் பரப்பு சுமார் 84 சதுர மீட்டர். இவை நூற்றுக்கு மூன்று பங்குதான் ஒலியை உறிஞ்சும். ஆக உறிஞ்சும் பரப்பு இரண்டரை. கணக்குப் போட்டால் எதிரொலி மூன்று விநாடிக்கு மேல். காலி அறைக்கான கணக்குத்தான் இது. ஆனால் அந்த ஹாலும் கிட்டத்தட்ட காலிதான். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த ஏழெட்டுச் சொல் வந்து மேலே விழுகிறது. இளங்காது சமாளிக்கும். எழுபது வயதுக் காது?

என்ன செய்தோம் என்றால், பீரோவில் மடித்து வைத்திருந்த கனமான திரையைச் சுருக்கம் சுருக்கமாக டி.வி.க்கு எதிர்ச் சுவரில் தொங்கவிட்டோம். மூலையில் சுருட்டிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். தரையில் ஜமுக்காளம். ஒரு ஜன்னலைத் திறந்தோம். வெளியே போன ஒலி திரும்பாது, செபைன் தன் அளவுக்கு அலகாக வைத்ததே திறந்த ஜன்னலைத்தான். அதோடு ஐந்து பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் உடுப்பும் உறிஞ்சும். கூட்டிப் பார்த்தால் உறிஞ்சும் பரப்பு இரண்டரையிலிருந்து பன்னிரண்டரைக்குப் போயிற்று. எதிரொலி முக்கால் விநாடிக்கும் கீழே.

கடைசியாக ஈஸிசேரை மூன்றடி முன்னால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தோம். பெரியப்பா, "இதுக்குத்தான் இன்ஜினீயரா?" என்றார். அன்றைக்கு ராத்திரி போட்ட படத்தை முழுசாகப் பார்த்தார். பாதியில் திண்ணைக்குப் போகவில்லை. நடுவில், "இவன் என்ன சொன்னான்?" என்று பெரியம்மாவைக் கேட்கவும் இல்லை. மொத்தச் செலவு பதினோராயிரத்துச் சொச்சம். ஒன்றரை லட்சம் தவணை நின்றது.

இன்னும் சில நடைமுறைகள்

பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். முதலில் காற்று. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பூட்டி வைக்காதீர்கள். வருஷம் ஒருமுறை காற்றோட்டத் துளைகளில் தூசி எடுங்கள். மின்விசிறி அலறினால் அதுவும் படத்தின் வசனத்தை மூடும். பிளேஸ்டேஷன் 3-ன் முதல் மாடல் படம் ஓட்டவே 150 வாட்டுக்கு மேல் இழுக்கும். மூன்று மணி நேரப் படத்துக்கு அரை யூனிட். மெலிந்த மாடல் ஏறக்குறைய அதில் பாதி.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடலாம், சாதாரண இரண்டரை அங்குல டிஸ்க்தான். விளையாட்டு சீக்கிரம் திறக்கும். ஆனால் படத்தின் தரம் ஒரு நூல் கூட உயராது. சினிமாவுக்காக அந்தச் செலவு வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 3 சாதாரண ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரைக் கேட்காது, அதன் ரிமோட் புளூடூத். ஆனால் மெலிந்த மாடலில் எச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி. ரிமோட்டாலேயே இயக்க வழி உண்டு. டி.வி.யும் அதற்கு ஒத்துவர வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒரு வசதி பத்து வசதிக்குச் சமம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் மண்டலக் குறியீட்டைக் கவனியுங்கள். டி.வி.டி.யில் இந்தியா 5, சிங்கப்பூர் 3, வளைகுடா 2. புளூ-ரேயில் இந்தியா சி, சிங்கப்பூர் ஏ, வளைகுடா பி. விளையாட்டு ஓடும், படம் மண்டலம் மாறினால் ஓடாது. எல்லா மண்டலத்துக்கும் என்று அச்சிட்ட டிஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம். கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் ஒரு யு.பி.எஸ். அவசியம், ஓடுகிற ஹார்ட் டிஸ்க்குக்குத் திடீர் வெட்டு ஆகாது. எர்த் கம்பியைச் சோதியுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. இடி மின்னல் நேரத்தில் கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

புதுப் பெட்டியே வாங்கக்கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. பெரிய திரை, பக்கத்தில் உட்காருகிறீர்கள், 4கே டிஸ்க் பார்க்க வேண்டும் என்றால் பிளேஸ்டேஷன் 3 உதவாது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோ கூட உதவாது. 2016-ல் வந்த அதற்கு 4கே புளூ-ரே ஓடாது, அதே வருஷம் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்-ல் ஓடும். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் ஓடும். ஆனால் அதில் பாட்டு சி.டி. போட முடியாது! புதியது எல்லாவற்றிலும் மேலானது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

டிஸ்க்கைப் பழசு என்று எடைக்குப் போடுவதற்கு முன்னாலும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து 'வாங்கிய' சில படங்கள், உரிமை ஒப்பந்தம் முடிந்தது என்று 2022 ஆகஸ்டில் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் வாங்கினவர்களின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. அலமாரியில் இருக்கிற டிஸ்க்கை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

மாணவ நண்பர்களுக்கு

தம்பி, தங்கைகளே, நீங்கள் வேலைக்குப் போனதும் வீட்டில் உங்களைக் கேட்கப் போகிற முதல் கேள்வி, "எதை வாங்கலாம்?" என்பதுதான். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார், டி.வி., எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் கேட்பார்கள். இன்ஜினீயர் ஆயிற்றே! பதில் சொல்வதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உபயோகிக்கிறவரிடம் என்ன தொந்தரவு என்று கேளுங்கள். அவர் சொல்கிற வார்த்தையை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சங்கிலியை வரைந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். அளக்க டேப்பும் கால்குலேட்டரும் போதும். நம்மை நம்பிக் கேட்கிறவர்களின் காசு, தவணை கட்டுகிற காசு. அது அடைப்பு இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் நாலு வருஷம் இங்கே படித்தோம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் உறுப்பினர்கள் வீட்டுப் பரணில் ஓடாமல் கிடக்கிற பிளேஸ்டேஷன்களும் டி.வி.டி. பிளேயர்களும் எத்தனையோ இருக்கும். அவற்றை எலக்ட்ரானிக்ஸ் துறை லேபுக்குக் கொடுத்தால், மாணவர்கள் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். தேறுகிறதைச் சரி செய்து முதியோர் இல்லங்களுக்குக் கொடுக்கலாம். முதல் பெட்டியை நான் தருகிறேன்.

சொன்ன நேரத்தைவிடப் பத்து நிமிஷம் கூடுதலாகப் பேசிவிட்டேன். சாப்பாட்டு ஹாலில் இலை போட்டாயிற்று என்று சைகை வருகிறது. சந்தேகம் இருப்பவர்கள் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.